பள்ளிச் சுவரிலிருந்து 100 கெஜம்: பெட்டிக்கடைக்காரர் சேராமல் நடக்காது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குட்கா மூட்டைகள் பிடிபட்ட செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. இத்தனை கிலோ பறிமுதல், இத்தனை பேர் கைது, கடைக்குச் சீல். சில நாட்களிலேயே அதே தெருவில் வேறொரு கடையில் அதே சரக்கு கிடைக்கிறது. அதிகாரிகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஓர் உணவுப் பாதுகாப்பு அலுவலரின் பொறுப்பில் ஓட்டல், பேக்கரி, எண்ணெய் ஆலை, தண்ணீர் கேன் என்று ஒரு வட்டாரமே இருக்கிறது. ஒரு பள்ளித் தெருவுக்கு அவர் எத்தனை முறை வர முடியும்? அந்தத் தெருவிலேயே தினமும் இருப்பவர்கள் வேறு. பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர், பெட்டிக்கடைக்காரர், கிராம சுகாதாரச் செவிலியர், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர், மகளிர் சுய உதவிக் குழுவினர், ஊராட்சி நிர்வாகம். இவர்கள் ஒரு கூட்டாகச் சேர்ந்து ஒரு கல்வியாண்டு முழுக்க வேலை செய்தால், ஒரு பள்ளியைச் சுற்றிப் புகையிலை விற்பனையை நிறுத்த முடியும். அதற்கு என்னென்ன செய்ய வேண்டும், எங்கே சறுக்குகிறது என்பதை விளக்கவே இந்தக் கடிதம்.

முதலில் சட்டம். இதில் இருக்கும் குழப்பத்தாலேயே பாதிப் புகார்கள் வீணாகின்றன. சிகரெட்டும் பீடியும் தடை செய்யப்பட்ட பொருட்கள் அல்ல. 2003ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்பதும், கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் விற்பதும்தான் குற்றம். அபராதம் 200 ரூபாய் வரை மட்டுமே. ஹான்ஸ், குட்கா, கூல் லிப் போன்ற வாயில் போடும் புகையிலை வகைகள் வேறு கணக்கு. புகையிலையோ நிகோடினோ எந்த உணவுப் பொருளிலும் சேரக்கூடாது என்ற உணவுப் பாதுகாப்பு விதியின் கீழ், 2013 முதல் ஆண்டுதோறும் ஆணை புதுப்பிக்கப்பட்டு, தமிழகம் முழுவதும் இவற்றின் விற்பனை தடை செய்யப்பட்டுள்ளது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. ‘கோர்ட்டே விட்டுடுச்சே’ என்று இன்றும் சில கடைக்காரர்கள் சொல்வது ஜனவரித் தீர்ப்போடு நின்றுபோன செய்தி. மின்னணு சிகரெட்டுக்கு 2019ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. அதன்படி விற்பனை மட்டுமல்ல, இருப்பு வைப்பதே குற்றம்.

இவை எல்லாவற்றையும்விடக் கடுமையான பிரிவு ஒன்று உண்டு. பெரும்பாலான கடைக்காரர்களுக்கு அது தெரியாது. சிறார் நீதிச் சட்டம் 2015இன் 77ஆவது பிரிவின்படி, குழந்தைக்குப் புகையிலைப் பொருளைக் கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மிரட்டுவதற்காக இதைச் சொல்ல வேண்டாம். 200 ரூபாயோடு போய்விடும் என்று நினைத்திருக்கும் கடைக்காரருக்கு உண்மை நிலவரம் தெரிந்தாக வேண்டும். புகார் எழுதும்போது எந்தப் பொருள், எந்தச் சட்டம் என்று பிரித்து எழுதுங்கள். ஹான்ஸ் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறைக்கு. சிறுவனுக்கு விற்றார்கள் என்றால் காவல் நிலையத்துக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும். எல்லாவற்றையும் ‘போதைப் பொருள்’ என்று ஒரே மனுவில் எழுதினால், அது மேசை மேசையாகச் சுற்றிவிட்டு வந்த இடத்துக்கே திரும்பிவரும்.

அடுத்து அளவு. 100 கெஜம் என்பது 91.44 மீட்டர். இதைப் பள்ளி வாசலிலிருந்து சாலை வழியாக அளப்பதுதான் வழக்கத்தில் நடக்கும் பெரிய தவறு. விதி சொல்வது வேறு: சுற்றுச்சுவர் அல்லது வேலியின் வெளி விளிம்பிலிருந்து எல்லாத் திசையிலும் நேர்கோட்டில் அளக்க வேண்டும். வாசலை வைத்து அளந்தால் முன்தெருக் கடைகள் மட்டும் சிக்கும். பின்சுவரை ஒட்டிய சந்தில், விளையாட்டு மைதானத்துப் பக்கம் இருக்கும் கடைகள் தப்பிவிடும். பையன்கள் போவதும் அங்கேதான். நில அளவையருக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கைப்பேசி வரைபடத்தில் சுவரின் ஒவ்வொரு மூலையையும், நடுவில் சில புள்ளிகளையும் குறித்து, அங்கிருந்து கடைக்கு நேர்கோட்டுத் தூரத்தைப் பார்த்துவிடலாம். 85 முதல் 100 மீட்டருக்குள் வரும் கடைகளை மட்டும் 30 மீட்டர் டேப்பால் ஊராட்சிச் செயலர் முன்னிலையில் அளந்து, கடைக்காரரிடமும் கையெழுத்து வாங்குங்கள். பின்னால் தகராறு வருவது இந்த விளிம்புக் கடைகளில்தான்.

எல்லையைச் சாலையில் மஞ்சள் கோடாகப் போட வேண்டும் என்பது மத்திய சுகாதார அமைச்சகத்தின் ‘புகையிலை இல்லாக் கல்வி நிறுவனம்’ வழிகாட்டுதலில் இருக்கிறது. சாதாரணப் பெயின்ட் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. சாலைக் கோடு போடும் ஒப்பந்ததாரர் ஊருக்கு வரும்போது அவரிடமே இதையும் சேர்த்துப் போடச் சொன்னால் நீண்ட நாள் நிற்கும். பள்ளி வாசல் பலகையில் யாரிடம் புகார் செய்ய வேண்டும் என்று ஒரு பெயரும் எண்ணும் இருக்க வேண்டும். பல பள்ளிகளில் மூன்று தலைமையாசிரியர்களுக்கு முந்தையவர் பெயர் இன்னும் அங்கே இருக்கிறது. பெயருக்கு மட்டும் கழற்றி மாட்டும் சிறு தகடு வைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

எல்லைக்குள் எத்தனை கடை என்று தெரிந்த பிறகு, ஒவ்வொரு கடையையும் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சிகரெட் பாக்கெட் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் மிட்டாய் ஜாடிக்கு மேலே, பத்து வயதுப் பிள்ளையின் கண்மட்டத்தில். சில்லறையாக ஒன்றிரண்டு விற்கிறாரா? பாக்கெட்டின் முன்னும் பின்னும் 85 விழுக்காடு இடத்தை அடைத்திருக்கும் எச்சரிக்கைப் படம், ஒற்றை சிகரெட் வாங்குகிறவன் கண்ணில் படவே படாது. தூணில் பற்றவைக்கும் கயிறோ லைட்டரோ தொங்குகிறதா? கடை நெற்றியில் சிகரெட் நிறுவனத்தின் நிறத்தில் விளக்குப் பெட்டி இருக்கிறதா? விதிப்படி விற்பனை இடத்தில் அனுமதிக்கப்பட்ட பலகை 60க்கு 45 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அதில் வணிகப் பெயரோ பாக்கெட் படமோ இருக்கக்கூடாது. விநியோகஸ்தர் இலவசமாகப் போட்டுத் தந்துவிட்டுப் போன பலகைக்குச் சட்டப்படி மாட்டிக்கொள்ளப் போவது தாம்தான் என்பதைக் கடைக்காரரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இனிதான் முக்கியமான வேலை. கடைக்காரரிடம் பேசுவது. இதில் முதல் நாளே போலீசை அழைத்துப் போனால் காரியம் கெட்டது. சரக்கு கடையிலிருந்து பக்கத்து வீட்டுக்கோ, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலோ இடம் மாறும், விற்பனை நிற்காது. தெரிந்த முகத்துக்கு மட்டும் விற்பார்கள். வாங்கிவர ஒரு சிறுவனையே தூது அனுப்புவார்கள். முதலில் வணிகர் சங்கப் பொறுப்பாளர் ஒருவரோடு பெற்றோர் இருவர் போகட்டும். கடைக்காரரின் பயம் நியாயமானது. ஒரு சிகரெட்டில் கிடைக்கும் லாபம் சில்லறைக் காசு. ஆனால் சிகரெட் வாங்க வருகிறவர் ஒரு டீ குடிப்பார், வாழைப்பழம் வாங்குவார், பேப்பர் பார்ப்பார். ‘நான் நிறுத்தினா எதிர்க்கடைக்குப் போயிடுவாங்க’ என்று அவர் சொல்வது உண்மைதான். அதனால் ஒவ்வொருவராக நிறுத்தச் சொல்வது பலிக்காது. எல்லைக்குள் இருக்கும் அத்தனை கடைகளும் ஒரே தேதியில் நிறுத்த வேண்டும். ஒரு கடை விடுபட்டாலும் மற்ற கடைகள் ஒரு மாதம் தாக்குப்பிடிக்காது.

அந்தத் தேதிக்கு முன் சிகரெட், பீடிக்கு மட்டும் நான்கு வாரம் அவகாசம் கொடுங்கள். பிரித்த பண்டலை விநியோகஸ்தர் திருப்பி எடுக்க மாட்டார். எனவே புதிதாக வாங்காமல் இருப்பதை விற்றுத் தீர்க்கட்டும் என்பதுதான் நடக்கக்கூடிய வழி. எல்லைக்குள் விற்பது அந்த நாட்களிலும் சட்டப்படி குற்றம்தான், இது ஊர் தரும் அவகாசம் மட்டுமே. இந்த நான்கு வாரத்திலும் 18 வயதுக்குக் கீழ் விற்கக்கூடாது என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஹான்ஸ் வகைகளுக்கு ஒரு நாள் அவகாசமும் கிடையாது. தடை செய்த பொருளை விற்றுத் தீர்க்கச் சொல்ல எந்தக் குழுவுக்கும் அதிகாரம் இல்லை.

காலியாகும் அந்த முன்வரிசைத் தட்டில் என்ன வைப்பது என்பதற்குப் பதில் இல்லாமல் பேச்சுவார்த்தைக்குப் போகாதீர்கள். மகளிர் குழு செய்யும் கடலை மிட்டாய், எள்ளுருண்டை, முறுக்கு, விற்ற பின் காசு என்ற முறையில் வைக்கலாம். தயாரிப்பவர்களிடம் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இருக்கட்டும், இல்லையென்றால் அதே அலுவலர் வந்து இதையும் எடுத்துப் போக வேண்டியிருக்கும். நோட்டு, பேனா, வரைபடத்தாள் போன்றவற்றைப் பள்ளிக்கு எதிரே வைத்தால் ஆண்டு முழுக்க ஓடும். புகையிலை விற்க உள்ளாட்சி அமைப்பிடம் தனி உரிமம் வாங்க வேண்டும், அந்தக் கடையில் மிட்டாய், சிப்ஸ், பிஸ்கட், குளிர்பானம் விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு மாநிலங்கள் விதி செய்ய வேண்டும் என்று 2017இல் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. இமாச்சலப் பிரதேசம் 2016இலேயே சில்லறை சிகரெட், பீடி விற்பனையைத் தடுக்கத் தனிச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. தமிழகத்திலும் இவை இரண்டும் வர வேண்டும். வரும்வரை ஊர்க்கூட்டு ஒப்பந்தம்தான் நம் கையில் இருக்கும் கருவி.

ஒப்பந்தம் நிற்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடைக்காரரைக் கேட்டால் நிறுத்திவிட்டேன் என்பார். தரையைப் பாருங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, திங்கட்கிழமை காலை, தூய்மைப் பணியாளர் கூட்டுவதற்கு முன், இரண்டு பெற்றோர் கையுறை மாட்டிக்கொண்டு குறிப்பிட்ட ஐந்தாறு இடங்களில் கிடக்கும் காலி பாக்கெட், சிகரெட் துண்டு, கூல் லிப் பை ஆகியவற்றை எண்ணி ஒரு நோட்டில் எழுதட்டும். கழிப்பறைப் பின்புறம், சைக்கிள் ஸ்டாண்டு, சுற்றுச்சுவர் மூலை, பேருந்து நிறுத்தம், டீக்கடை பெஞ்சு. எண்ணியவற்றை அங்கேயே அள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறையும் அதையே எண்ணுவோம். மாணவர்களை இந்த வேலைக்கு விடக்கூடாது. திருவிழா நாளிலும் பெருமழைக்கு அடுத்த நாளிலும் எண்ணினால் கணக்கு ஏறியும் இறங்கியும் காட்டும், எனவே அதே கிழமை, அதே நேரம், அதே இடம். நான்கைந்து முறை எண்ணிய பிறகு நோட்டைப் புரட்டினால், எந்த மூலையில் எந்தச் சரக்கு புழங்குகிறது என்பது பளிச்சென்று தெரியும். சிகரெட் துண்டு குறைந்து கூல் லிப் பை கூடினால், பிள்ளைகள் விடவில்லை, மாறியிருக்கிறார்கள் என்று பொருள்.

அந்தச் சிறு பையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தேயிலைப் பை போன்ற மெல்லிய உறைக்குள் வாசனையூட்டிய புகையிலைத் தூள். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே செருகிக்கொண்டால் வெளியே தெரியாது, துப்ப வேண்டியதில்லை, பல்லில் காவி ஏறாது, வாயில் புதினா மணம்தான் வரும். வகுப்பறையில் பாடம் நடக்கும்போதே ஒரு மாணவன் அதை வைத்திருக்க முடியும். ஆசிரியருக்குத் தெரியாததற்கு அவர் கவனக்குறைவு காரணமல்ல, பொருள் அப்படி. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024இல் பள்ளி மாணவர்களிடம் இது பரவுவதைக் கவலையோடு எடுத்துப் பேசியது. உதட்டின் உள்பக்கம் ஒரே இடத்தில் வெளுத்துச் சுருங்கியிருப்பது, காரம் பட்டால் எரிவது, சட்டைப் பையில் சிறிய வட்ட டப்பா, அடிக்கடி தண்ணீர் குடிக்க அனுமதி கேட்பது ஆகியவை கவனிக்க வேண்டியவை. இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளியாக்கிவிடக் கூடாது.

பிடிபட்ட மாணவனை என்ன செய்வது என்பதில்தான் பள்ளிகள் மிகவும் தடுமாறுகின்றன. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நிறுத்தி வைப்பது, மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்புவது இரண்டும் மிகத் தவறானவை. பள்ளியை விட்டுப் போன பையன் வாசலுக்கு வெளியே அதே சரக்கை மற்றவர்களுக்கு வாங்கித் தருபவனாக நிற்பான். தனியாக அழையுங்கள். யார் கொடுத்தது என்று கேட்பதற்கு முன், எப்போதெல்லாம் வைக்கத் தோன்றுகிறது என்று கேளுங்கள். பெற்றோரிடம் சொல்லும்போது அப்பாவும் பயன்படுத்துகிறவராக இருந்தால் இருவருக்கும் சேர்த்தே விடுபடும் தேதி வையுங்கள். 2019ஆம் ஆண்டு தேசிய அளவில் 13 முதல் 15 வயது மாணவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் 8.5 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகைப் புகையிலையைப் பயன்படுத்தினார்கள். அவர்களில் மெல்லும் வகையைத் தொட்டவர்களின் தொடக்க வயது பத்தை ஒட்டியே இருந்தது. ஆகவே ஒன்பதாம் வகுப்பில் சென்று பேசுவது காலம் கடந்த பேச்சு. நான்காம், ஐந்தாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். புற்றுநோய்ப் படங்களைக் காட்டிப் பயமுறுத்துவது பன்னிரண்டு வயதுக்காரனிடம் நிற்காது, ஐம்பது வயது அவனுக்கு வேறு யாருடையதோ வயது. கூட்டாளி நீட்டும்போது என்ன சொல்லி நழுவுவது என்பதை இரண்டு இரண்டு பேராக நடித்துப் பழகச் செய்தால் அது உதவும்.

வீட்டிலும் ஒரு பழக்கம் மாற வேண்டும். ‘அப்பாவுக்கு ஒரு கட்டு பீடி வாங்கிட்டு வா’ என்று பிள்ளையை அனுப்புவது இன்னும் நடக்கிறது. யாருக்காக வாங்கினாலும் கையில் வாங்குகிறவருக்கு 18 ஆகவில்லை என்றால் விற்பது குற்றம். கடைக்காரர் ‘அப்பாவை வரச் சொல்லு’ என்று திருப்பி அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பும்போது அவரோடு சண்டைக்குப் போகமாட்டோம் என்று ஊர்க்கூட்டத்தில் பெற்றோர் வாக்குக் கொடுக்க வேண்டும். எளிதான காரியமாகத் தெரிந்தாலும், கடைக்காரருக்கு இதைவிடப் பெரிய ஆதரவு இல்லை.

விற்பனையை நிறுத்தினால் போதாது. 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் வயது வந்தோரில் 20 விழுக்காட்டினர் புகையிலை பயன்படுத்துகிறவர்கள். கடை மூடும் நாளில் அவர்களுக்கு உதவி தயாராக இல்லையென்றால், அடுத்த ஊரிலிருந்து மொத்தமாக வாங்கி வருவார்கள். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். அவர்கள் கூடுதலாக இரண்டே கேள்வி கேட்டால் போதும். போயிலை, பீடி, பொடி ஏதாவது உண்டா? காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் தடவை? அரை மணி நேரத்துக்குள் என்றால் கடும் பிடிப்பு, அவருக்கு மருந்து உதவி தேவைப்படும். விட விரும்புகிறவருக்கு இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதி குறித்து, அந்தத் தேதிக்குப் பின் 3ஆம், 7ஆம், 14ஆம், 30ஆம் நாட்களில் போய்ப் பார்க்க வேண்டும். முதல் மூன்று நாட்கள் மிகக் கடினம். எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி எல்லாம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். ஒவ்வொரு முறை வரும் ஏக்கமும் சில நிமிடங்களில் தணிந்துவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் தாங்கிக்கொள்வார்கள்.

நம் ஊரில் இரண்டு காரணங்களால் நிறையப் பேர் மீண்டும் தொடங்குகிறார்கள். ஒன்று, காலைக்கடன். பீடி பிடித்தால்தான், போயிலை போட்டால்தான் வயிறு இளகும் என்று உடம்பு பழகியிருக்கும். விட்ட முதல் வாரம் மலச்சிக்கல் வருவது இயல்பு. வெந்நீர், கீரை, வாழைப்பழம், தேவைப்பட்டால் மருத்துவர் தரும் மருந்து என்று அதற்கு முன்பே வழி சொல்லிவிட வேண்டும். இன்னொன்று பல்வலி. கிராமத்துப் பெண்கள் பலர் போயிலை போடத் தொடங்கியதே பல்வலிக்கு மருந்தாகத்தான். அந்தச் சொத்தைப் பல்லை எடுக்காமல் பழக்கத்தை எடுக்க முடியாது. எனவே பல் மருத்துவர் இந்தக் கூட்டில் கட்டாயம் இருக்க வேண்டும். 100 நாள் வேலை நடக்கும் இடத்திலேயே ஒரு நாள் முகாம் போட்டால், இடுப்புச் சுருக்குப் பையில் போயிலை வைத்திருக்கும் பாட்டிமார் அத்தனை பேரையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புப் படலம், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், நடு மூன்று விரல்களைச் சேர்த்து நெடுக்காக நுழைக்க முடியாத அளவுக்கு வாய் திறக்காமை இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றே அரசு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். விட்டவர்கள் வெறும் பாக்குக்கு மாறுவதையும் தடுக்க வேண்டும். பாக்கே புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

நிகோடின் சூயிங்கம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மருந்துக் கடையில் வாங்கி, பயன் இல்லை என்று தூக்கி எறிகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தவறாக மெல்லுகிறவர்கள். 2 மி.கி., 4 மி.கி. என்று இரண்டு அளவு உண்டு. எழுந்த அரை மணி நேரத்துக்குள் தேவைப்படுகிறவர்களுக்கு 4 மி.கி., அதை மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டும். சாதாரணச் சூயிங்கம்போல் தொடர்ந்து மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கல், குமட்டல், நெஞ்சரிச்சல் வரும், ஏக்கம் மட்டும் தீராது. மெதுவாகச் சில முறை மென்று, நாக்கில் மிளகுபோல் சுருக்கென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். சுருக் அடங்கியதும் மறுபடி மென்று வேறு பக்கம் ஒதுக்க வேண்டும். ஒரு கம் அரை மணி நேரம் வரும். அதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காபி, எலுமிச்சைச் சாறு, சோடா எதுவும் கூடாது, வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் சரியாக உறிஞ்சப்படாது. காபி குடித்த கையோடு கம் போடுவது நம்மவர்கள் செய்யும் முதல் தவறு. இரண்டாவது தவறு, செலவுக்குப் பயந்து நாளுக்கு இரண்டே போடுவது. முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, பிறகு மூன்று வாரம் இரண்டு முதல் நான்கு மணிக்கு ஒன்று, கடைசி மூன்று வாரம் நான்கு முதல் எட்டு மணிக்கு ஒன்று என்று 12 வாரத்தில் இறக்க வேண்டும். நாளுக்கு 24க்கு மேல் போகக்கூடாது. கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், 18 வயது ஆகாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். கம்மின் விலை தினக்கூலிக்காரருக்குக் கட்டுப்படியாகாது. பன்னிரண்டு வாரத்துக்கும் தடையில்லாமல் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கச் செய்ய வேண்டும் என்பதை ஒவ்வொரு கூட்டும் மாவட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

திருநெல்வேலி, தென்காசி, வேலூர் மாவட்டங்களில் இதே வேலையைச் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிராம சபையில் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்களில் பாதிப்பேர் பீடி சுற்றுகிறவர்களாக இருக்கலாம். அவர்களுடைய கூலியைப் பழிக்கும் முழக்கத்தோடு போகாதீர்கள். வீட்டில் புகையிலைத் தூள் பறக்காமல் தனி இடம், பிள்ளைகளை நூல் கட்ட விடாமல் இருப்பது, மாற்றுத் தொழிலுக்கான கடன் என்று அங்கே பேச்சு வேறிடத்தில் தொடங்க வேண்டும்.

கூட்டில் சேர்க்கக் கூடாதவர் ஒருவர் உண்டு. புகையிலை நிறுவனமும் அதன் அறக்கட்டளையும். பள்ளிக்குப் பெஞ்சு, நோட்டு, குடிநீர் எந்திரம், கோயில் கொடைக்குப் பந்தல் என்று எந்த உருவத்திலும் அந்தப் பணம் வேண்டாம். இந்தியா 2004இல் ஏற்றுக்கொண்ட உலகளாவிய புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை, இத்துறையின் கொள்கையில் அந்த நிறுவனங்களின் தலையீட்டைத் தவிர்க்கச் சொல்கிறது. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆவது பிரிவும் விளம்பரதாரராக வருவதைத் தடுக்கிறது.

காலக்கணக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மே 31 புகையிலை எதிர்ப்பு நாள். அன்று தமிழகப் பள்ளிகள் கோடை விடுமுறையில் இருக்கும். ஊர்வலமும் உறுதிமொழியும் கோப்புக்காக நடந்து முடிந்துவிடுகின்றன. பள்ளி திறக்கும் ஜூனில் அளவெடுப்பும் கடைக் கணக்கும் முடித்து, ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம், அக்டோபர் 2இல் எல்லாக் கடைகளும் நிறுத்தும் தேதி என்று வைத்தால் இடையில் பேச்சுவார்த்தைக்கு ஆறு வாரத்துக்கு மேல் கிடைக்கும். நவம்பர் 1, ஜனவரி 26, மார்ச் 22, மே 1 கிராம சபைகளில் தரைக் கணக்கு நோட்டை வாசிக்க வேண்டும். ‘புகையிலை ஒழிக்கப்பட வேண்டும்’ என்ற ஒற்றை வரித் தீர்மானம் எதற்கும் உதவாது. எந்தெந்தக் கடைகள், எந்தத் தேதி, அளவு எங்கிருந்து, கோடு போட எந்த நிதி, யார் எண்ணுவது, மீறினால் முதலில் யார் போய்ப் பேசுவது, எத்தனையாவது முறை எந்தத் துறைக்குப் புகார் என்பது அத்தனையும் அதில் இருக்க வேண்டும். தலைமையாசிரியரோ செவிலியரோ மாறுதலாகிப் போனால் அந்த நோட்டும் வரைபடமும் ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும். பல ஊர்களில் நல்ல முயற்சிகள் நின்றுபோவது ஒருவருடைய மாறுதல் ஆணையோடுதான்.

நாளிதழ்களிடம் இரண்டு கோரிக்கை. பறிமுதல் செய்தியில் பாக்கெட்டுகளை அடுக்கிவைத்துப் பெயர் தெரியும்படி படம் போடாதீர்கள், அது அந்தச் சரக்குக்கு இலவச விளம்பரம். அதே செய்தியின் கீழே, விட நினைப்பவர்களுக்கான தேசிய இலவச ஆலோசனை எண் 1800 112 356 என்பதை ஒவ்வொரு முறையும் ஒரு வரியாக அச்சிடுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உட்படப் பல மையங்கள் சேர்ந்து நடத்தும் சேவை அது. சிகரெட், ஹான்ஸ் பாக்கெட்டுகளின் எச்சரிக்கைப் பகுதியிலும் அந்த எண் இருக்கிறது. ஆனால் சில்லறையாக ஒன்று வாங்குகிறவர் கைக்கு அந்தப் பாக்கெட் வருவதே இல்லை.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுக்களோடும் புகையிலைப் பழக்க மீட்புப் பணியிலும் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
திண்டுக்கல் மாவட்டம்.